மாமியின் முதல் மரணம்

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் அன்று ஊர் முழுவதும் வெயிலில் இருந்தது.

இந்தியன் ஆமி எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் முகாம் போட்டிருந்த காலம். விடிந்தும் விடியாத நேரத்தில் தேற்றாத்தீவைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகத் தட்டி, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். நடக்க முடியாதவர்களை மட்டும் வீட்டில் விட்டார்கள். அதனால் கால் விளங்காத மாமா, என் கணவருடைய தகப்பன், வீட்டிலேயே இருந்தார்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் பிள்ளைகளை ஓடவிட்ட மணலில் அவர்களுடைய தகப்பன்மார் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். பெண்களை வகுப்பறைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை சத்தியெடுத்த வாடை.

ஜீப் ஒன்று வந்து நின்றது. அதற்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவன். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். ஆண்களை ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் கொண்டுபோவார்கள். சாக்கு அசையாவிட்டால் அந்த ஆள் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் ட்ரக்கில் ஏற்றுவார்கள். உள்ளே இருப்பவன் யார், எந்த அடிக்குப் பயந்து தலையை ஆட்டுகிறான் என்று எவருக்கும் தெரியாது.

என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அரிசி, சீனி, பாண் மா இவற்றைத் தவிர வேறு எந்தச் சோலிக்கும் போகாதவர். அவருடைய முறை வந்தது.

சாக்கு அசைந்தது.

இரண்டு சிப்பாய்கள் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். தையல் கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மகளின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் நின்ற மாமி, அவருடைய தாய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி நடந்தார். ஒரு சிப்பாய் துவக்கைக் குறுக்கே பிடித்தான். மாமி அதைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, ட்ரக்குக்குப் பக்கத்தில் நின்ற நரைமீசைச் சுபேதாரிடம் போய்ச் சத்தமாக ஏதோ சொன்னார்.

அது தமிழ் இல்லை. சிங்களம் இல்லை. இங்கிலீசும் இல்லை.

எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் "கொடுக்கு". தேளின் கொடுக்கைப் பற்றி எதற்கு இந்த நேரத்தில் கதைக்கிறார், பயத்தில் மூளை கலங்கிவிட்டதா என்று நினைத்தேன். தெலுங்கில் அது "மகன்" என்பது எனக்கு அன்று மத்தியானம்தான் தெரியவந்தது.

சுபேதார் திரும்பினார். ஏதோ கேட்டார். மாமி ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் மாமியின் முகத்தைப் பார்த்தபடி இரண்டடி பின்னுக்குப் போனார். பிறகு மெதுவாக ஒரு வசனம் சொன்னார். மாமி அப்படியே மணலில் குந்திவிட்டார்.

மகனைச் சுடப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள், நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

குடி இல்லாத மாப்பிள்ளை

அந்த வசனம் என்ன என்று சொல்வதற்கு முன்னால், மாமி எங்களுக்கு யாராக இருந்தார் என்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருவது. நீ என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கு உண்டு. எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். மாமா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்தவர், நல்ல குடும்பம். ஆனால் மாமி மெட்ராஸ் பக்கத்துப் பெண் என்றார்கள். படிக்கப் போன இடத்தில் கலியாணம் முடித்துக் கூட்டிவந்தாராம். அவருக்கு இங்கே குடி ஏது?

"தாய்க்குக் குடி இல்லாட்டி புள்ளைக்கு எங்கால குடி?" என்று அம்மா புலம்பினார். "நாளைக்கு மண்டூர்த் திருவிழாவில இந்த மாப்பிள்ளைய எந்தக் குடியோட நிப்பாட்டுற?"

அப்பா ஒருவழியாகச் சமாளித்தார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவது. இவரும் என் வீட்டுக்கு வந்தார். சில வருசங்களில் மட்டக்களப்பு டவுணில் இருக்க முடியாத அளவுக்குப் பிரச்சினை கூடியபோது, மாமாவும் மாமியும் எங்கள் வீட்டு வளவுக்கே வந்துவிட்டார்கள்.

மாமியைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. மீன் வெட்டுவதில் மட்டும் கடைசிவரை கை பழகவில்லை. தமிழை எங்களைப்போலவே கதைப்பார். அங்கங்கே ஒரு சொல் வளைந்து விழும். மெட்ராஸ்காரர் அப்படித்தான் கதைப்பார்கள் போல என்று நாங்கள் விட்டுவிட்டோம். இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். சொந்தக்காரர் யாரும் இல்லை, எல்லோரும் செத்துப்போனார்கள் என்று தாய் சொன்னதோடு சரி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. என் மகள் பிறந்து, விடாமல் அழுத நாட்களில் மாமி தொட்டிலை ஆட்டுவார், தடவுவார், தோளில் போட்டுக்கொண்டு முற்றமெல்லாம் நடப்பார். வாயைத் திறந்து ஒரு தாலாட்டு பாடமாட்டார். "எனக்குப் பாட்டு வராது புள்ள" என்பார். ரேடியோவில் பாட்டுப் போனால், எந்தப் பாட்டாக இருந்தாலும், வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். பாட்டுப் பிடிக்காத ஒரு மனுசி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

தூணுக்குப் பின்னால்

மாமியின் முழுப் பெயர் சுந்தரவேணி. தெலுங்குப் படங்கள் பேசத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில், திரைக்குப் பின்னால் நின்று பாடிய முதல் சில பெண்களில் அவர் ஒருவர்.

இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியாமல்தான் இருக்கிறது. எங்கள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அவர்.

அந்தச் சுற்றிவளைப்புக்குப் பிறகு வந்த கிழமைகளில், நானாகக் கேட்கக் கேட்க, அரிசி புடைத்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதலில் எல்லா நடிகைகளும் சொந்தக் குரலில்தான் பாடினார்களாம். பிறகு நல்ல முகமும் பாட்டு வராத தொண்டையும் உள்ள ஒரு கதாநாயகி வந்தார். முதலாளிமாருக்கு அவரை விடவும் மனம் இல்லை. யாரோ ஒருவர், கோதாவரிக் கரையிலிருந்து மெட்ராஸுக்கு வந்திருந்த இந்தப் பதினாறு வயதுப் பெட்டையைக் கூட்டிப்போனார்.

"படம் புடிக்கிற செற்றில பெரிய தூண் ஒண்டு, சாந்தால செஞ்சது. அதுக்குப் பின்னால நான் நிப்பன். முன்னால அவ நிண்டு வாய அசைப்பா" என்றார் மாமி. "ஃபேன் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவாங்க, அந்தச் சத்தமும் பதிஞ்சிரும் எண்டு. மேல நெருப்பு மாதிரி விளக்கு. கூரையில காகம் கத்தினாப் போச்சு, திரும்ப முதல்ல இருந்து."

பிறகு பாட்டைத் தனியாகப் பதிந்துவிட்டு, படம் பிடிக்கும்போது அதை ஓடவிடும் வழக்கம் வந்தது. தூண் தேவைப்படவில்லை. ஆனால் ஆள் மறைந்தே இருந்தார். இசைத்தட்டில் நடிகையின் பெயரைத்தான் போட்டார்கள். தெலுங்கு நாட்டுப் பெஜவாடாவில் ஒரு கச்சேரி வைத்தார்களாம். மேடையில் நடிகை நின்று வாயை அசைக்க, திரைச்சீலைக்குப் பின்னால் மாமி நின்று பாடினாராம். சனம் அந்த நடிகைக்கு மாலை போட்டுக் கும்பிட்டதைத் திரைச்சீலையின் கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"உங்களுக்குக் கோவம் வரல்லியா மாமி?"

"அண்டைக்கு வரல்ல. அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்ட நேரம்தான் வந்தது. என்ர பேர் போடாட்டிப் பாடமாட்டன் எண்டன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்ட போயிட்டன்."

மூன்று நாளோ நாலு நாளோ ஒருவரும் வரவில்லை. மாமியின் அண்ணன்தான் அவருடைய ஒப்பந்தங்களை எல்லாம் பார்ப்பவர். தங்கச்சியைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் வீட்டு வாசலுக்கு வந்தது அந்த நடிகையேதான். பாயில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அண்ணனைப் பார்த்துச் சொன்னாராம்: இவளுடைய பெயரைப் போடட்டும், இவள் இல்லாவிட்டால் நான் ஊமை என்று.

அதன் பிறகு இசைத்தட்டில் சுந்தரவேணி என்று அச்சடித்து வந்தது. தெலுங்கு நாடு முழுக்க அந்தப் பெயர் போனது. சில வருசம்தான்.

அண்ணன் காய்ச்சலிலும் பாட வைத்தார். இருமலிலும் பாட வைத்தார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்து எஞ்சினியரிங் பகுதியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மட்டக்களப்புப் பொடியன் ஒரு நாள் மதில் பக்கமாக வந்து, சோதனை நடக்கிறது, இந்தப் பாட்டைக் கொஞ்சம் நிற்பாட்ட முடியுமா என்று கேட்டான்.

"என்னப் பாடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. பாடாத எண்டு வந்த முதல் ஆள் இவர்தான்" என்று சொல்லி மாமி சிரித்தார். மாமியுடைய அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அந்தப் பொடியன்தான் மாமா. மதுரையில் கோயிலில் தாலி கட்டி, தனுஷ்கோடியில் கப்பலேறி வந்துவிட்டார்கள். சினிமாவில் பாடியவள் என்று தெரிந்தால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று மாமாவுக்குப் பயம். பாட்டைப் பற்றி வாயே திறக்கப்படாது என்று கேட்டுக்கொண்டார். மாமியும் சரி என்றார். சரி என்றால் சரிதான். தாலாட்டும் இல்லை.

காசிக்குப் போகாதவர்

மைதானத்துக்கு வருகிறேன்.

மாமி சுந்தரவேணி என்று சொன்னதும் சுபேதார் சொன்ன வசனம், மாமி பிறகு எனக்குத் தமிழில் சொன்னபடி, இதுதான்: "அவர் செத்துப்போய் எவ்வளவோ காலம்."

மாமிக்கு முதலில் விளங்கவில்லையாம். தன்னைத்தான் சொல்கிறார் என்று விளங்கியதும்தான் மணலில் குந்தினார்.

சுபேதார் சொன்னார்: நான் அப்போது சின்னப் பையன். பாடகி சுந்தரவேணி காசிக்குப் போன இடத்தில் கொலரா கண்டு செத்துவிட்டதாகவும், அங்கேயே எரித்துச் சாம்பலைக் கங்கையில் கரைத்துவிட்டதாகவும் அவருடைய அண்ணன் பேப்பரில் அறிவித்தார். எங்கள் அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் அவருடைய பாட்டுத்தான் போட்டார்கள். மகனைக் காப்பாற்ற நீ அந்தப் புண்ணியவதியின் பெயரைச் சொல்கிறாயா?

பாடிக்கொடுக்க வேண்டிய ஒப்பந்தங்கள் கிடக்கும்போது தங்கை ஓடிப்போனாள் என்றால் அண்ணன் மாட்டிக்கொள்வார். தங்கை செத்தாள் என்றால் யாரும் கேட்க முடியாது. மாமி அதை அந்த மணலில் இருந்தபடியே விளங்கிக்கொண்டார்.

என் கணவரை இதற்குள் ட்ரக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார்கள். இவருடைய வாயோரத்தில் இரத்தம் வடிந்தது.

சுபேதார் ஒரு கேள்வி கேட்டார். சுந்தரவேணியின் இசைத்தட்டு ஒன்றில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ராணியின் பாட்டில், கடைசி அடிக்கு முன்னால் ஒரு விம்மல் கேட்குமாம். அந்த விம்மலைக் கேட்டு அழாத வீடு இல்லையாம். நீ சுந்தரவேணி என்றால், அந்த இடத்தில் யாரை நினைத்து அழுதாய் என்று கேட்டார்.

"நான் அழல்ல" என்றார் மாமி. "பாட்டுப் பதியிற அறையில மேல இருந்த விளக்கு வெடிச்சு, கொதிச்ச கண்ணாடித் துண்டு ஒண்டு என்ர கால்ல விழுந்திட்டு. நிப்பாட்டினாத் திரும்ப முதல்ல இருந்து பாட வேணும். நோவ விழுங்கிப்போட்டுப் பாடின நான்."

சொல்லிவிட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காலை நீட்டினார். புறங்காலில் அந்தத் தழும்பு. நான் எத்தனையோ தரம் பார்த்தது. கொதியெண்ணெய் பட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

சுபேதார் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிப்பாய்களிடம் இந்தியில் ஏதோ கத்தினார். இவருடைய சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டன.

நடந்ததைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் சுவரை விட்டு ஓடிவந்தார்கள். எங்கள் பக்கத்து வளவுப் பாக்கியம் அக்காவின் மகனும் ட்ரக்கில் இருந்தான். அவர் மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ர புள்ளைக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவங்கட பாசை தெரியுதே."

மாமி கேட்டார். அந்தப் பெட்டை வயதில் பெயருக்காகக் கேட்டதைவிடப் பிடிவாதமாகக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சுபேதார் முடியாது என்று தலையை அசைத்தார். ஒரு ஆளுக்குத்தான் என்னால் முடியும், அதற்கே நான் மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார். ட்ரக் போனது. பாக்கியம் அக்காவின் மகன் சில கிழமை கழித்து உயிரோடு வந்தான். இடது கையைத் தூக்க முடியாமல் வந்தான்.

இவரோடு வீட்டுக்கு நடந்துவரும்போது எங்களை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. மாமிக்கு எப்படி அந்தப் பாசை தெரியும் என்று கேட்டவர்களுக்கு, சின்ன வயதில் தெலுங்குக்காரருக்குப் பக்கத்தில் இருந்தவர் என்று பிறகு சொல்லிவைத்தோம். மைதானத்தில் கதைத்தது ஒருவருக்கும் விளங்கவில்லை, அதனால் நம்பினார்கள்.

"கப்பல் ஏற முதல்"

மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். மகனைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் மறுபடி விழுந்தார். மாமி தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் செத்துப்போனன் எண்டு அண்ணன் பேப்பர்ல போட்டவராம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். மாமா கைத்தடியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

"எப்ப?"

"கப்பல் ஏற முதல். மதுர ஸ்டேசன்ல. தமிழ்ப் பேப்பர்லயும் வந்திருந்தது."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீ திரும்பிப் போயிருப்பாய்."

"ஓம், போயிருப்பன். நான் சாகல்ல எண்டு சொல்லிப்போட்டு வந்திருப்பன்."

"வந்திருக்க மாட்டாய், வேணி."

மாமி சத்தத்தைக் கூட்டாமலே சொன்னார். "எத்தின கடிதம் எழுதின நான். ஒண்டுக்கும் பதில் வரல்ல எண்டு உங்கட மடியில விழுந்து அழுத நான். தபால் சுணங்கும் எண்டு சொன்னநீங்க."

மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிழிந்த சட்டையோடு இவர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைக்குள் இவருக்குச் சாவு வந்து போயிருந்தது. தாய்க்கு ஒரு பாசை, ஒரு பெயர், ஒரு ஊர் எல்லாம் வந்திருந்தது. தகப்பனிடம் பார்த்திராத ஒரு முகமும் தெரிந்துவிட்டது. இவர் சொன்னது இதுதான்: "எனக்கு அம்மாட பாசையில ஒரு சொல்லும் தெரியாதே."

அன்றிலிருந்து மாமி மாமாவோடு கதைக்கவில்லை. சாப்பாடு வைப்பார். காலுக்கு எண்ணெய் தேய்ப்பார். வேட்டி தோய்த்துப் போடுவார். சொல் மட்டும் இல்லை. தேவையானதை என்னிடம் சொல்லுவார், நான் மாமாவிடம் சொல்லுவேன். ஒரே அறைக்குள் மூன்று பேர் இருந்து அப்படி நடக்கும்.

சைக்கிளில் வந்த இரண்டு பேர்

சுபேதார் வரத் தொடங்கினார். துவக்கோடு இரண்டு சிப்பாய்களை வேலியடியில் நிறுத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்துக்கு வருவார். பால்மா டின் ஒன்று, ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கொண்டுவருவார். மாமியும் அவரும் தெலுங்கில் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மாமியின் கை அசைவதே வேறுமாதிரி இருக்கும்.

சுபேதாருடைய தமையனின் மகன் தெலுங்குப் பேப்பர் ஒன்றில் வேலை செய்கிறானாம். லீவில் போனதும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றார். சுந்தரவேணி உயிரோடு இருக்கிறார் என்று வந்தால் நாடே திரளும், மேடை போட்டு மாலை போடுவார்கள், கூட்டிப்போக ஆள் வரும் என்றார். அந்தக் கிழமை மாமி கண்ணாடி பார்த்தார். என்னுடைய பவுடரைக் கேட்டு வாங்கிப் பூசினார்.

எனக்கு வேலியடியில் நின்ற சிப்பாய்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஊருக்கும் அவர்கள்தான் தெரிந்திருப்பார்கள்.

ஒரு பின்னேரம் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் வந்தார்கள். ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பொடியன்கள். சட்டை வெளியே விட்டிருந்தது. உள்ளே இடுப்பில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆமிக்காரன் ஒரு வீட்டுக்கு அடிக்கடி வந்தால் அந்த வீட்டு ஆம்பிளைக்கு என்ன நடக்கும் என்பதும் அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும்.

"சங்கக்கடை மனேஜர் எங்க?" என்று மூத்தவன் கேட்டான்.

இவர் அறைக்குள் இருந்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மாமா கைத்தடியை ஊன்றி, கதிரையிலிருந்து எழும்பினார். எப்படி எழும்பினார் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. முற்றம்வரை வந்துவிட்டார்.

"அவன விடுங்க தம்பி. கேக்கிறதெண்டா என்னக் கேளுங்க" என்றார். "அந்த ஆமிக்காரன் வாறது என்ர பெண்சாதியப் பாக்க. அவ தெலுங்குக்காரி. சினிமாவில பாடின பெரிய பாடகி. ஊருக்கு நான்தான் மறைச்ச நான். அவவுக்கும் நான்தான் மறைச்ச நான். பிழை எண்டா என்னில."

நாற்பது வருசமாகச் சொல்லப்படாது என்று இருந்ததை மாமா சொன்னது, இடுப்பில் துவக்கோடு நின்ற இரண்டு முன்பின் தெரியாத பொடியன்களுக்கு. குசினிக் கதவுக்குப் பின்னால் மாமி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தவன் மாமாவை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பானோ அடிப்பானோ என்று இருந்தது. "ஐயா, நீங்க சொல்லுறது பொய்யெண்டு நான் நினைக்கல்ல" என்றான் கடைசியில். "ஆனா அந்த ஆள் இனி இஞ்ச வரப்படாது. பேப்பர்ல கீப்பர்ல உங்கட வீட்டுக் கதை வந்தாலும் பிறகு எங்களில குறை சொல்லாதீங்க."

அடுத்த நாள் காலையில் மாமி வெள்ளைச் சேலை உடுத்தார். நானும் அவரும் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்த முகாமுக்குப் போனோம். சுபேதார் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. லீவு கிடைத்துவிட்டதாம்.

மாமி தெலுங்கில் சொன்னார். எனக்குத் திரும்பும் வழியில் தமிழில் சொன்னார். "நீங்க எங்கட வீட்டுக்கு வர வேணாம். என்னைப் பத்தி அங்க ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். உங்கட ஆமி ஒரு நாளைக்குப் போயிரும். நாங்க இஞ்சதான் இருக்க வேணும். நான் செத்தவளாவே இருக்கிறன். என்ர புள்ள இருக்கட்டும்."

சுபேதார் தொப்பியைக் கழற்றினார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய விசயத்தை எப்படி அம்மா ஒளித்து வைப்பது என்று கேட்டாராம். அவர் உயரமான மனிதர். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைபோல அழுதார். மற்றச் சிப்பாய்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மாமி அழவில்லை. பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே சாய்மனைக் கதிரைக்குப் போனார்.

"மருந்து குடிச்சநீங்களா?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா இல்லை என்று தலையாட்டினார்.

ரேடியோவில் வந்த பெயர்

சுபேதார் வாக்கைக் காப்பாற்றினார். ஒரு பேப்பரிலும் ஒன்றும் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் அந்த ஆமியும் போனது. அவரைப் பற்றி அதன் பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

திரும்பவும் சண்டை தொடங்கியபோது நாங்கள் தோணியில் வாவியைக் கடந்து மண்டூருக்கு ஓடினோம். மாமா அங்கே, என் தாய்வழிச் சொந்தக்காரர் வீட்டில்தான் இறந்தார். கடைசி நாட்களில் மாமி அவருக்குப் பக்கத்தில் இருந்து தெலுங்கில் ஏதேதோ கதைப்பார். மாமாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு கிடப்பார்.

மாமி தேற்றாத்தீவுக்குத் திரும்பி வந்து இன்னும் சில வருசம் இருந்தார். சண்டை முடியவில்லை. ஒரு மாரியில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, என் கையைப் பிடித்தபடி போனார்.

எங்கள் நாட்டில் யாரும் செத்தால் ரேடியோவில் மரண அறிவித்தல் கொடுப்பது வழக்கம். என்ன சொல்லிக் கொடுப்பது என்று இவர் திண்டாடவில்லை. முதலே யோசித்து வைத்திருந்தார் போல. சொன்னதைக் கேட்டு எனக்குத் திக்கென்றது.

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா?" என்றேன். "இவ்வளவு காலம் பொத்தி வச்சது."

"செத்த ஆளோட ஆமிக்கு என்ன, இயக்கத்துக்கு என்ன? அம்மா எங்களுக்காகத்தானே பறையாம இருந்தவ. இனி என்னத்துக்கு?" என்றார்.

பின்னேரம் முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவை உள்ளே வைத்திருந்தோம். வேறு ஊர்களின் பெயர்கள், வேறு ஆட்களின் பெயர்கள் எல்லாம் வாசித்து முடித்து, ரேடியோவில் அறிவிக்கும் பெண் எங்களுடையதை வாசித்தார். "கோதாவரிக் கரையைப் பிறப்பிடமாகவும், தேற்றாத்தீவை வதிவிடமாகவும் கொண்ட பிரபல திரைப்படப் பின்னணிப் பாடகி சுந்தரவேணி காலமானார்."

பந்தல்காரர் கயிற்றைப் பிடித்த கையோடு நின்றார்கள். இவர் சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாக்கியம் அக்கா அவருடைய வளவிலிருந்து அவதியாக ஓடிவந்தார். அவருடைய வீட்டிலும் ரேடியோ போயிருக்கிறது.

"புள்ள, ரேடியோக்காரர் என்னவோ பிழையா வாசிச்சுப்போட்டாங்க" என்றார் மூச்சு வாங்க. "உங்கட மாமிட பேரோட எந்தப் பாட்டுக்காரிட விசயத்தையோ சேத்துப்போட்டாங்க. ஆள விட்டுச் சொல்லி மாத்துங்க."

"பிழை இல்லக்கா" என்றேன். "முந்தி ஒருக்கா அறிவிச்சதுதான் பிழை. இந்த முறை சரியாத்தான் சொல்லியிருக்காங்க."